மச்சானுக்கு ஏற்றிய வேகம்

ஓடுகிறவரைக் கூர்மையாகப் படம் எடுத்துவிட்டால் அவர் நிற்பது போலத்தான் தெரியும். கேமராவின் குணம் அது. நான் கணினியில் பின்னாலிருக்கும் மரங்களைப் பக்கவாட்டில் இழுத்து மங்கலாக்குவேன், கால் நுனியைக் கொஞ்சம் கலைப்பேன், முகத்தைத் தொட மாட்டேன். ஆள் பறப்பார். இதுதான் என் பிழைப்பு.

என் மனைவியின் தம்பி வேலை தேடி வந்து எங்கள் வீட்டில் தங்கினான். வேலை கிடைத்த பிறகும் தங்கினான். நான் வேலை பார்க்கும் அறையின் சோபாவில் படுத்தபடியே, "மாமா, அந்த ஃபேனைக் கொஞ்சம் வேகமா வைங்களேன்" என்பான். நல்ல பையன். கல்யாணம் ஆனால் தனிக்குடித்தனம் போய்விடுவான் என்று தோன்றியது. அவன் நலனுக்காகத்தான்.

அலுவலக ஓட்டப்பந்தயத்தில் அவன் கலந்துகொண்ட படம் ஒன்று இருந்தது. கலந்துகொண்டான் என்றால், பந்தயம் தொடங்கும் கோட்டின் அருகே தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றான். பாட்டிலை அழித்தேன். தூக்கிய கையை அப்படியே விட்டேன். முழங்காலை மடக்கி, மரங்களை இழுத்தேன். பார்த்த எனக்கே மூச்சு வாங்கியது. அதை அவனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டுக்கு அனுப்பினேன். பெண் ஓட்டப் பயிற்சியாளர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

அவளுக்குப் பிடித்துவிட்டது. "நாளைக்குக் காலையில அவரோட சேர்ந்து ஓடலாமா?" என்று போனில் கேட்டாள். தாராளமாக என்றேன். அவனுக்கும் அவளைப் பிடித்திருந்தது போலிருக்கிறது. யாரும் எழுப்பாமலே எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு போனான். முதல் திருப்பத்திலேயே பூங்கா வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம்.

மாலையில் அவள் படத்தோடு வீட்டுக்கே வந்தாள்.

"கால் அந்தரத்துல இருக்கு, நிழல் தரையில நின்னுக்கிட்டு இருக்கு. யார் பண்ண வேலை இது?"

மச்சான் படத்தை அப்போதுதான் பார்க்கிறான். வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன்மா. இவன்தான் கெஞ்சிக் கேட்டான்."

"நானா?" என்றான். அவன் அக்கா அவனை முறைத்தாள். பெண் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அன்று அவன் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் அது முதல் தடவை.

உண்மையில் அவன் என்னிடம் கேட்கவே இல்லை. ஆனால் கேட்டிருப்பான். எழுந்து வந்து கேட்கச் சோம்பல், அவ்வளவுதான்.