நகம் பாக்குற மனுசன்

...நீ ஒண்ணும் தப்பா நெனச்சிக்காத ஷிஜி. நேத்து மாடிப்படில உன் வூட்டுக்காரர நிறுத்தி, கைய புட்ச்சி நகத்த திருப்பித் திருப்பிப் பாத்தாரே, அது எங்க வூட்டுக்காரரு தான். அருள்பிரகாசம்னு பேரு. ஹார்பர்ல கிரேன் ஓட்டுறாரு. கைரேக ஜோசியம்லாம் இல்ல. புதுசா குடி வர்ற எல்லாருக்கும் இந்தப் பேஜாரு தான். பால்காரன் நகம், கேஸ் போட வர்றவன் நகம், மாதா கோயிலுக்குப் போனா ஃபாதரு நகம்... இன்னாத்த சொல்றது.

கொடத்த இப்டி வரிசைல வெய்யி. தண்ணி லாரி வர இன்னும் நேரம் கீது.

முன்னாடி இந்தாளு இப்டி இல்ல. மூணு வருசத்துக்கு முன்ன முழங்கைல வட்டமா செவந்து, மேல வெள்ளையா செதிலு செதிலா உதிர ஆரம்பிச்சிச்சி. தலைலயும் அதே மாரி. மணலி ஃபேக்டரி பொகன்னாங்க, உப்புத்தண்ணின்னாங்க. மெடிக்கல்ல குடுத்த ஆயின்மெண்ட் எல்லாம் தடவியாச்சி. தடவுனா அடங்கும், வுட்டா ரெண்டு மடங்கா வரும். டீக்கடைல இவருக்கு மட்டும் பேப்பர் கப்பு. அன்னிலேர்ந்து வெயிலு மண்டைய பொளந்தாலும் முழுக்கை சட்ட தான். யார் கூடயும் பேச்சு கெடையாது.

அப்பால ரெண்டு வெரலு மொந்தம்பழம் மாரி வீங்கிச்சி. காலைல குதிகால ஊன முடியாம செவுத்த புட்ச்சிகினு நடப்பாரு. கிரேன் லிவர இழுத்து வந்த வலின்னு மாத்தரையா வாங்கிப் போட்டாரு. தோலு வேற, மூட்டு வேறன்னு தான நாம நெனப்போம்?

அந்த நேரத்துல தான் எம் பொண்ணு சில்வியாவுக்கு வரன் அமைஞ்சிது. கல்யாணத்துக்கு ஆறு மாசம். எங்க கோயில்ல அப்பா கைய புட்ச்சிகினு தான் பொண்ணு உள்ள வரும். இவரு, நான் வரல, உன் மாமன் இட்டுகினு வரட்டும்னுட்டாரு. மாப்ள வூட்டாளுங்க கைய பாத்துருவாங்களாம். மறுநா காலைல சில்வியா ஆட்டோவ வாசல்ல நிறுத்தி, அப்பாவ ஏத்திகினு தோலு டாக்டரம்மா கிட்ட போய்ட்டா.

அந்தம்மா முழங்கைய அப்பால தான் பாத்தாங்களாம். மொதல்ல நகம். தையக்காரரு வெரல்ல மாட்டுற அங்குஸ்தான் மாரி குழி குழியா இருந்துச்சாம். காலைல மூட்டு வெறச்சிக்குதான்னு கேட்டாங்களாம். இவருக்குத் தூக்கிவாரிப் போட்ருச்சி, சொல்லாமலே எப்டி தெரியும்னு. இது சொரியாசிஸ், உடம்பு தன்னயே எதிரின்னு நெனச்சி சண்ட போடுது, தோலுல தெரியறதும் மூட்டுல வலிக்கறதும் ஒரே சண்ட தான்னாங்களாம். கூடவே சுகரு, பிரஷரு, கொழுப்பு எல்லாம் பாக்கணும்னு ரத்தம் எட்து, மூட்டு டாக்டர் கிட்டயும் அனுப்ச்சாங்க. இன்னும் கொஞ்ச நாளு வுட்ருந்தா வெரலு கோணினது கோணினபடி நின்னுருக்குமாம். அதான் இப்ப யாரப் பாத்தாலும் நகத்துல குழி கீதான்னு தேடுறாரு.

ஆறு மாசம் ஊசி, மாத்தர. கல்யாணத்தன்னிக்கும் திட்டு முழுசா போவல. ஆனா வெரலு மடங்குச்சி. கோட்டு பட்டன அவரே போட்டுகினாரு. சில்வியா கைய இறுக்கிப் புட்ச்சிகினு உள்ள நடந்து வந்தாரு பாரு... மொத பெஞ்சில நின்னுகினு இருந்த நான் தலைய தூக்கவே இல்ல.

ஏன்னு பாக்குறியா? இது யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்ச்சாங்க. அதுக்கு முன்ன ரெண்டு வருசமா அவருக்குத் தட்டு தனி, சொம்பு தனி, பாய் தனின்னு வெச்சது டீக்கடக்காரன் இல்ல ஷிஜி. நான் தான். ஆஸ்பத்திரிக்குப் போனா நாலு பேரு பாப்பாங்க, பொண்ணுக்கு வரன் வராதுன்னு தடுத்ததும் நான் தான். அந்தாளு ஒரு வார்த்த கேக்கல.

கல்யாணம் முடிஞ்ச மறுநா மத்தியானம், எனக்குத் தனியா போடாதன்னு பக்கத்துல வந்து குந்தினாரு. என் தட்டுல கைய வெச்சாரு. "ஒட்டாதாம் எல்சி"ன்னாரு.

அன்னிலேர்ந்து நான் வஞ்சிரம் வறுத்தா, என் தட்டுலேர்ந்து நடுத்துண்ட எட்துத் துன்னுட்றாரு. எனக்கு வாலு தான். இன்னா நாயம் இதுன்னு கேட்டா, ஒட்டாதாம் எல்சின்றாரு.