கத்தத் தெரிந்த அலாரம்

மார்லிஸ்: …எந்திரிப்பேன். ஆர்டனுக்கு சாக்ஸை மாட்டி விடுவேன். காபிக்குத் தண்ணி வைப்பேன். அவரோட மாத்திரையைத் தட்டுல எடுத்து வைப்பேன். அப்புறம் குனிஞ்சு, அதோ கட்டில் பக்கத்துல இருக்கே, அந்த அலாரத்துல பட்டனை அமுக்குவேன். ஊரைக் கூட்டற மாதிரி கத்தும். கையை எடுப்பேன். காபி குடிப்போம். தினமும் இதுதான் நோலன். இதுல நீ வந்து சோதிச்சுப் பாக்க என்ன இருக்கு?

நோலன்: பட்டனை அமுக்கினா அந்த ஊதல் வேலை செய்யுதான்னு மட்டும்தான் தெரியும், மார்லிஸ். வாயுவைக் கண்டுபிடிக்கற சென்சார் உயிரோட இருக்கான்னு தெரியாது.

மார்லிஸ்: கத்துதா இல்லையா?

நோலன்: நீங்க அமுக்கினா கத்துது. கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயு வந்தா கத்துமான்னு பாக்கணும். அதுக்கு வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது. நமக்குத் தானாத் தெரியப்போறதில்ல.

மார்லிஸ்: இந்தப் பாலைவனத்துல நிக்கற ஒவ்வொரு டிரெய்லர் வீட்டுக் கதவையும் தட்டறியாமே. கிளெண்டா சொன்னா. பைபிள் குடுக்க வந்தவன்னு நினைச்சு விளக்கை அணைச்சுட்டுப் படுத்துட்டாளாம்.

நோலன்: ஆமா. நான் ஜன்னல் வழியா புது அலாரம் டப்பாவைக் காட்டினப்புறம்தான் திறந்தாங்க. அவங்க அலாரமும் செத்துப் போயிருந்துச்சு. மாத்திட்டேன்.

மார்லிஸ்: அவளுது பழசு. எங்களுது பின்னாடி தேதி போட்டிருக்கு, பாத்துக்கோ. இன்னும் மூணு வருஷம் இருக்கு.

நோலன்: கோடையில இந்த வீட்டு வண்டியை எங்க விட்டீங்க?

மார்லிஸ்: யூமால. எல்லாரும் விடற மைதானத்துலதான். பூட்டிட்டு நாங்க மைனாட்டுக்குப் போயிட்டோம். வடக்கே எங்க வீட்ல ஜூலையில கூட ராத்திரிக்குப் போர்வை வேணும்.

நோலன்: உள்ள மெழுகுவத்தி ஏதாவது விட்டுட்டுப் போனீங்களா?

மார்லிஸ்: அதை ஏன் கேக்கற… திரும்பி வந்து பாத்தா வளைஞ்சு மேஜையில படுத்துக் கிடந்துச்சு.

நோலன்: இந்த சென்சாரும் அதே வெயில்லதான் இருந்திருக்கு. தேதி அச்சடிச்சவன் யூமாவைப் பாத்திருக்கமாட்டான்.

மார்லிஸ்: பேச்சுல குறைச்சலில்ல. சரி, என்னதான் பண்ணுவ?

நோலன்: இந்த பிளாஸ்டிக் பையை அலாரத்து மேல மூடுவேன். இந்தச் சின்ன டப்பால அதே வாயு கொஞ்சம் இருக்கு, பைக்குள்ள அடிப்பேன். நல்ல அலாரமா இருந்தா ஒரு காபி குடிக்கறதுக்குள்ள கத்திடும். கதவும் ஜன்னலும் திறந்தே இருக்கட்டும்.

மார்லிஸ்: அடி. ஆனா நான் பந்தயம் கட்டறேன். கத்தும்.

நோலன்: …அடிச்சாச்சு.

மார்லிஸ்: உக்காரு. ரூபார்ப் கேக் இருக்கு, எடுத்துக்கோ. கையில மோதிரம் இருக்கு, ஆளைக் காணோம். உன் பொண்டாட்டி எப்பதான் வருவா?

நோலன்: இந்தப் பக்கம் அவ வரமாட்டா. கேக் நல்லா இருக்கு.

மார்லிஸ்: சண்டையா?

நோலன்: சண்டையெல்லாம் இல்ல.

மார்லிஸ்: எனக்கென்ன… கேட்டேன். நாப்பத்தாறு வருஷமா இவர்கூட சண்டை போட்டுட்டு ஒரே கூரைக்குக் கீழதான் இருக்கேன். இப்ப சண்டை போடவும் அவருக்கு ஞாபகம் இருக்கறதில்ல.

ஆர்டன்: அலாரம் பாத்தியா?

மார்லிஸ்: பாத்தாச்சு ஆர்டன். நல்லா இருக்கு. வெளில நாற்காலி போட்டிருக்கேன், வெயில்ல உக்காருங்க.

ஆர்டன்: இது யாரு, லைல்தானே?

மார்லிஸ்: உங்க தம்பி லைல் இல்ல. இது நோலன். ரெண்டு வண்டி தள்ளி இருக்கற பையன்.

ஆர்டன்: லைல், தலைக்குள்ள யாரோ சுத்தியல் வெச்சு அடிக்கறாங்க. கிடங்குல தூசி ஜாஸ்தி இன்னைக்கு.

நோலன்: வெளில வாங்க சார், நான் கையைப் புடிச்சுக்கறேன். பாத்து, படி உயரம். …உக்காந்துக்கோங்க. இப்ப வந்துடறேன்.

மார்லிஸ்: தானியக் கிடங்குல முப்பது வருஷம் மேனேஜர். இன்னும் அங்கதான் இருக்கறதா நினைப்பு. தினமும் அலாரம் பாத்தியான்னு கேப்பார். அவர் காதுல விழணும்னுதான் அமுக்கறதே.

நோலன்: தலைவலி தினமும் இருக்கா?

மார்லிஸ்: காலைல மட்டும். காலைல என் பேரே வராது அவருக்கு. மதியத்துக்கு மேல தெளிஞ்சுடுவார். நேத்து சாயங்காலம் என்னை சீட்டாட்டத்துல ஜெயிச்சார், தெரியுமா? ஏமாத்தாம.

நோலன்: மதியம் எங்க இருப்பார்?

மார்லிஸ்: எங்க… இப்ப உக்காந்திருக்காரே, அங்கதான். வெளில. …அப்படிப் பாக்காத. டாக்டரே சொல்லிட்டார் இது மறதி நோய்தான்னு. உன் டப்பாவை வெச்சு அதை மாத்திடுவியா?

நோலன்: நோய் இல்லைன்னு நான் சொல்லல. ராத்திரி முழுக்க உள்ள கேஸ் ஹீட்டர். காலைல தலைவலி. வெளில உக்காந்தா தெளியுது. இதை மட்டும்தான் சொல்றேன்.

மார்லிஸ்: வயசானா காலைல எல்லாருக்கும் வலிக்கும். எனக்கும்தான் வலிக்குது.

நோலன்: உங்களுக்குமா?

மார்லிஸ்: …காபி குடிச்சா போயிடும்.

நோலன்: நேத்து சாயங்காலம் உங்க வண்டியைத் தாண்டிப் போனேன். ஹீட்டரோட வெளிக்குழாய் இருக்கே, அதைச் சுத்தி வெள்ளைத் தகரத்துல கரி படிஞ்சிருக்கு. அதுக்குத்தான் இன்னைக்கு முதல் வேலையா உங்க கதவைத் தட்டினேன். குழாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தேன். குளவி மண்கூடு கட்டியிருக்கு.

மார்லிஸ்: குளவியா?

நோலன்: கோடை முழுக்க வண்டி சும்மா நின்னா வந்துடும். பாதிக் குழாய் அடைச்சிருக்கு. வெளில போகவேண்டிய வாயு உள்ளதான் வரும்.

மார்லிஸ்: கேக்கவே நல்லா இல்ல.

நோலன்: பைக்குள்ள இருக்கறதைப் பாருங்க. காபி முடிஞ்சுடுச்சு. கத்தல.

மார்லிஸ்: இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்.

நோலன்: எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கலாம். கத்தாது. பந்தயத்துல தோத்துட்டீங்க. புது அலாரம் கையோட கொண்டுவந்திருக்கேன், மாட்டிடறேன். ரெண்டு திருகுதான்.

மார்லிஸ்: வேண்டாம்.

நோலன்: மார்லிஸ்…

மார்லிஸ்: குழாயைச் சுத்தம் பண்ணு, கோடி நன்றி சொல்றேன். அலாரம் வேண்டாம். அதை எடுத்துட்டுப் போ.

நோலன்: இன்னைக்கு ராத்திரி உறைபனி விழும்னு சொல்லியிருக்காங்க. ஹீட்டர் போடாம இருக்கமாட்டீங்க.

மார்லிஸ்: போடுவேன். அலாரம் வேண்டாம்.

நோலன்: காரணம் சொல்லுங்க.

மார்லிஸ்: உனக்கு எதுக்குச் சொல்லணும்? நீ என்ன என் பிள்ளையா?

நோலன்: சரி, சொல்ல வேண்டாம். நான் ஒண்ணு சொல்லிடறேன், கேட்டுட்டு அனுப்பிடுங்க. உங்க ஊர்ப்பக்கம் சர்க்கரை பீட்ரூட் அறுவடை நடக்குமில்ல…

மார்லிஸ்: அக்டோபர்ல. டிரெய்லர்க்காரங்க பாதிப் பேரு அங்கதான் வேலைக்குப் போவாங்க.

நோலன்: அப்படிப் போன ஒரு ஜோடி. சின்ன வயசு. புருஷனுக்கு ராத்திரி ஷிஃப்ட், பீட்ரூட்டைக் குவிக்கற மெஷின்ல. அவளுக்குப் பகல் ஷிஃப்ட். அதனால ராத்திரி வண்டில தனியாத் தூங்கினா. அவங்க வண்டியும் கோடையில இந்த வெயில்லதான் நின்னுச்சு. அவங்க அலாரமும் பட்டனை அமுக்கினா ஜோரா கத்தும். தேதியும் இருந்துச்சு. வெளிக்குழாயில இதே மாதிரி மண்கூடு.

மார்லிஸ்: …எழுந்திரிக்கலையா?

நோலன்: இல்ல.

மார்லிஸ்: ஐயோ பாவம். எந்த ஊர்ப் பொண்ணு?

நோலன்: ஆரிகன். இப்பவும் வேண்டாம்னு சொன்னா போயிடறேன்.

மார்லிஸ்: உக்காரு. கதவைச் சாத்து. அவர் காதுல விழவேண்டாம்.

நோலன்: கதவு திறந்தே இருக்கட்டும், பைக்குள்ள அந்த வாயு இருக்கு. மெதுவாச் சொல்லுங்க.

மார்லிஸ்: போன வருஷம் இதே இடத்துல, மூணு ராத்திரி இது தானாக் கத்திச்சு. பக்கத்து வண்டி ஆள் வந்து பாத்தான். கட்டிலுக்குக் கீழ இருக்கற பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஏதோ வாயு வருதாம், அதை இது தப்பா எடுத்துக்குதாம், பயப்படாதீங்கன்னு சொன்னான்.

நோலன்: அப்படியும் நடக்கும். உண்மைதான்.

மார்லிஸ்: எனக்குப் பயம் அலாரத்தைப் பத்தி இல்ல. அது கத்தினவுடனே இவர் எந்திரிச்சுக் கதவைத் திறந்துட்டு நடந்துட்டார். சட்டை கூட இல்லாம. நான் அதை நிறுத்தறதுக்குள்ள இருட்டுல ஆளைக் காணோம். மூணாவது தடவை விடிஞ்சப்புறம்தான் கிடைச்சார். காய்ஞ்ச ஓடைக்குள்ள, ஒரு கால்ல செருப்பில்லாம, உடம்பு முழுக்க முள்ளு குத்தி… என்னைப் பாத்து, எல்லாரும் வெளில வந்துட்டாங்களான்னு கேட்டார். இந்த வருஷம் வந்ததுலேர்ந்து அது ஒரு தடவை கூடத் தானாக் கத்தல. அதே பேட்டரி, அதே சார்ஜர். சத்தமே இல்ல. செத்துப் போச்சுன்னு எனக்குத் தெரியும் நோலன். வந்த முதல் வாரமே தெரியும். பட்டனை அமுக்கினா கத்துது, இவருக்கு நிம்மதி. ராத்திரி கத்தல, எனக்கு நிம்மதி. இதைவிட நல்ல அலாரம் எனக்கு எங்க கிடைக்கும்?

நோலன்: தெரிஞ்சேதான் வெச்சிருந்தீங்க.

மார்லிஸ்: தெரிஞ்சேதான். திட்டறதுன்னா திட்டிட்டுப் போ.

நோலன்: திட்ட ஒண்ணுமில்ல. ஒண்ணு கேக்கறேன். கிடங்குல அலாரம் கத்தினா என்ன பண்ணணும்னு அவருக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க?

மார்லிஸ்: அவர்கிட்டயே கேளு. அது மட்டும் மறக்கல. ஆர்டன், கிடங்குல அலாரம் கத்தினா என்ன பண்ணணும்?

ஆர்டன்: முதல்ல கதவு. அப்புறம்தான் கேள்வி. எவனாவது அலாரத்தை நிறுத்தறேன்னு உள்ள நின்னா அன்னைக்கே அவனை வேலையைவிட்டுத் தூக்குவேன்.

நோலன்: கேட்டீங்களா? அவர் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கார். வேலை போக வேண்டியது உங்களுக்குத்தான்.

மார்லிஸ்: …சிரிக்க வைக்காத. எனக்கு அழுகை வருது.

நோலன்: நான் பண்றதைச் சொல்றேன். அந்த பேட்டரியைக் கட்டிலுக்குக் கீழேர்ந்து எடுத்து, முன்னாடி வெளிப்பெட்டில வெச்சிடறேன். மதியத்துக்குள்ள முடிஞ்சுடும். அப்புறம் பேட்டரியால கத்தாது. இந்தப் புது அலாரத்தை மாட்டறேன். குழாய்ல மண்ணை எடுத்துடறேன், ஆனா டவுன்லேர்ந்து ஹீட்டர் ஆள் வந்து பாக்கறவரைக்கும் ஹீட்டர் கிடையாது. என்கிட்ட குளிருக்கு ரெண்டு படுக்கைப் பை இருக்கு. ரெண்டு பேரும் அதுல படுங்க.

மார்லிஸ்: கத்தினா?

நோலன்: கத்தினா அவர் கையைப் புடிச்சுக்கோங்க. ரெண்டு பேரும் சேர்ந்து வெளில வாங்க. நேரா என் வண்டிக்கு. எதையும் நிறுத்த வேண்டாம். அது பாட்டுக்குக் கத்தட்டும்.

மார்லிஸ்: அவ்வளவுதானா?

நோலன்: அவ்வளவுதான். அவருக்கு வழி தெரியும். நீங்க கூடப் போகணும், அதுதான் விட்டுப்போச்சு.

மார்லிஸ்: நாளைக்கு டாக்டர்கிட்டயும் போகணும் இல்ல? இந்த வாயுவைப் பத்தி…

நோலன்: நாளைக்கு இல்ல, இன்னைக்கே. ரெண்டு பேருக்கும் ரத்தம் பாக்கச் சொல்லுங்க. ஆர்டன் சாரை நான் என் கார்ல ஏத்திக்கறேன், நீங்க முன்னாடி உக்காருங்க. பேட்டரி வந்து பாத்துக்கலாம்.

மார்லிஸ்: …மாட்டு. முதல்ல அதை மாட்டிட்டு அப்புறம் போகலாம். என் மனசு மாறறதுக்குள்ள.

நோலன்: மாட்டிட்டேன் பாருங்க. இப்ப இந்தப் பையை இது மேல மூடி அடிக்கறேன். காதைப் பொத்திக்கோங்க.

மார்லிஸ்: அம்மாடி… என்ன கத்து கத்துது.

நோலன்: இதுக்குப் பேர்தான் உயிரோட இருக்கறது.

மார்லிஸ்: பாரு, அவர் எந்திரிச்சுட்டார். ஆர்டன், நில்லுங்க, நான் வரேன்… கையைக் குடுங்க. ஒண்ணுமில்ல, சோதனை. எல்லாரும் வெளில வந்தாச்சு. எண்ணிக்கோங்க, மூணு பேரும் இருக்கோம்.

ஆர்டன்: சரி. நல்லது.

நோலன்: நிறுத்திட்டேன். கிளம்பலாம், கோட்டு எடுத்துக்கோங்க.

மார்லிஸ்: நோலன், இரு. அந்த ஆரிகன் பொண்ணு… அவளுக்கும் தலை வலிச்சிருக்கும் இல்ல? எங்களை மாதிரி.

நோலன்: வலிச்சுது.

மார்லிஸ்: தனியா இருந்தாங்கற. வலிச்சுதுன்னு யார் பாத்தா?

நோலன்: மெஷின்ல இருந்த புருஷனுக்குப் போன் பண்ணா. அவன் எந்திரிச்சு வெளில போ, காத்தாடப் போய் நில்லுன்னு சொன்னான்.

மார்லிஸ்: நல்லவேளை, சொன்னானே. அவ என்ன சொன்னா?

நோலன்: "வெளில ஒரே குளிரு. அலாரத்துல பச்சை விளக்கு எரியுது நோலன், ஒண்ணுமில்ல. நீ மெஷின்கிட்ட பாத்து நில்லு."