மடு இறைக்கிற பம்ப்

முள்ளியவளைச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நீண்ட வரிசை. ஆவணி வெயில். எனக்கு முன்னால் கலனோடு நின்ற பெண், சைக்கிளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றவனிடம் சொன்னாள்:

“மீனுக்கு இரக்கப்பட்டுச் சொல்லேல்லைத் தம்பி. விரால் குழம்பெண்டால் நானும் ரெண்டு கோப்பை சோறு கூடத் தின்னுவன். ஆனால் குளத்து மடுவை இறைச்சு மீன் அள்ள எங்கட பம்ப் வராது.”

“குளம் வத்திப் போச்சக்கா. மடுவில கிடக்கிறது எப்பிடியும் சாகப்போற மீன்.”

“போன வருசமும் அந்த மடு வத்தேல்லை. மழை விழ அதுக்குள்ள இருந்துதான் குளம் முழுக்க விரால் பரவினது.”

“மீன்பிடிக் கந்தோரார் குஞ்சு கொண்டுவந்து விடுவினம்தானே.”

“அவை விடுறது யப்பான் மீன். விராலையும் கெளிறையும் ஆர் கொண்டுவந்து விட்டது? விதைநெல்லில ஆரும் சோறாக்குவினமே?”

“அப்ப நாங்கள் மீனே தின்னுறேல்லையோ?”

“தூண்டில் போடுங்கோ. கரப்புக் கூடையால குத்திப் பிடியுங்கோ, நானும் வாறன். தண்ணியை மட்டும் இறைக்க விடமாட்டன்.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணை காலமையே ஓம் எண்டிட்டார் அக்கா. பின்னேரம் வந்து பம்பை ஏத்துறன்.”

“என்ர மனுசன் ஓம் எண்டால் ஏத்திக்கொண்டு போங்கோ.”

அவள் கைப்பையைத் திறந்து, சீலைத்துண்டில் சுற்றியிருந்த, பம்ப் இஞ்சினில் கழற்றிய ஸ்பார்க் பிளக்கை எடுத்துக் காட்டினாள்.

“இதை மழை விழுந்தாப் பிறகு கொண்டுவந்து பூட்டிவிடுறன்.”