உள்பக்கக் கைப்பிடி

எங்கள் பிரிவில் மதியச் சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவோம். எங்கள் சின்ச்சுவில், ஏன் தைவான் முழுக்கவே, எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம்தான், உங்கள் போலீஸ் ஸ்டேஷனிலும் இருக்கும். மேஜைமேல் தலையணையைப் போட்டு அவரவர் கவிழ்ந்து படுத்துவிடுவோம். அந்த நேரத்தில் பேசக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது. ஆ-யுவான் செத்தது அப்போதுதான் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

நான் பெங். கம்பியில்லாத கணினி மவுஸ் உருவாக்கும் பிரிவுக்குத் தலைவன். ஆ-யுவான் எனக்குக் கீழே பேட்டரி பார்த்தவன். அவனும் என்னைப்போல ஹக்கா மொழி பேசும் வீட்டுப் பிள்ளை, என் ஊர்க்காரன். மற்றவர்கள் சார் என்பார்கள், அவன் மட்டும் அண்ணே என்பான்.

புது மவுஸ் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் சார்ஜ் ஏறிவிடும் என்று விற்பனை ஆட்கள் உலகம் பூராவும் சொல்லி வைத்துவிட்டார்கள். அந்த வேகத்தில் ஏற்றினால் பேட்டரி உப்புகிறது, உப்பியது வெடிக்கலாம் என்று ஆ-யுவான் கண்டுபிடித்தான். எல்லாவற்றிலும் இல்லை, சிலவற்றில்தான். உங்கள் மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறதே, அதே மவுஸ். பயப்பட வேண்டாம். சிலவற்றில்தான்.

வேகத்தைக் குறைத்தால் போர்டை மாற்ற வேண்டும், போர்டை மாற்றினால் மேல்மூடி வார்க்கும் அச்சை மாற்ற வேண்டும். ஏற்கெனவே மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்த மவுஸ் அது. இன்னொரு தடவைக்கு என்னிடம் தெம்பு இல்லை. இதைக் கோபமாகச் சொல்லவில்லை, முதுகு வலிக்கிறது என்பதுபோலச் சொல்கிறேன். என் அம்மா சைக்கிள் பெடல் பட்டறையில் இரும்புத் தகடு அமுக்கும் பிரஸ்ஸில் நின்றவர். இரண்டு விரல் போய், கட்டுப் பிரிப்பதற்குள் அதே பிரஸ்ஸுக்குத் திரும்பினார். எங்கள் வீட்டில் வேலையை நிறுத்துவது என்பதே கிடையாது. இந்தக் காலத்துப் பையன்களுக்கு அந்த வார்த்தை சுலபமாக வாயில் வருகிறது.

செத்த அன்று காலை ஆ-யுவான் என் மேஜைக்கு வந்தான்.

"அண்ணே, நாளைக்கு மீட்டிங்ல நானே எந்திரிச்சுச் சொல்லிடுறேன், நிறுத்துங்கன்னு. உங்க தலை உருள வேணாம்."

"சொன்னா மொத்தப் பிரிவையும் மூடிருவாங்கடா."

"மூடட்டும். அப்பவாச்சும் ஒருநாள் முழுக்கத் தூங்கலாம்ல," என்று சிரித்தான். பிறகு, சிரிக்காமல், "யாரோ வீட்டுல புள்ளைங்க படிக்கிற மேஜையில வெடிச்சா என்னண்ணே பண்ணுவீங்க?" என்றான்.

யோசித்துப் பார்க்கிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். யோசிக்கவும் செய்தேன்.

எங்களிடம் சூட்டறை ஒன்று உண்டு. மவுஸ்களை அடுக்கி, சூட்டில் வைத்துச் சார்ஜ் ஏற்றிப் பார்க்கும் அறை. இரும்புச் சுவர், ரப்பர் விளிம்பு வைத்த கனத்த கதவு, உள்ளே கைபேசி எடுக்காது. குளிர்காலத்தில் எங்கள் ஊர்க் காற்று எலும்பைத் துளைக்கும் என்பதால், ஆ-யுவான் மதியம் சூட்டைத் தணித்துவிட்டு மடக்குக் கட்டிலோடு அங்கே போய்ப் படுப்பான். கூடாது என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லவில்லை.

அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்தது. அன்று சாப்பாட்டுக்கு முன்னால் அதைக் கழற்றினேன். சாப்பிட்டுவிட்டு வந்து கட்டிலை விரித்துக்கொண்டே, "எப்பண்ணே மாட்டுவீங்க?" என்று ஆ-யுவான் கேட்டான். தூங்கி எழுந்ததும் மாட்டித் தருகிறேன் என்றேன். அதுவரை கதவை ஒருக்களித்தே வைக்கச் சொன்னான். சரி என்றேன்.

கூரையிலிருந்த புகைமணியின்மேல் காகிதக் கோப்பை ஒட்டியிருந்ததை என் தலையில் கட்டாதீர்கள். சும்மா சும்மா அலறுகிறது என்று எல்லோரும் சேர்ந்து எப்போதோ ஒட்டியது. அடுக்கின்மேல் இருந்த பச்சைப் பொட்டலம் மட்டும் நான் வைத்தது. இயந்திரம் சொன்னபடி கேட்க ராசிக்காக நாமெல்லாம் வைக்கிற அதே தேங்காய்த் தீனிதான். பழையது தேதி கடந்திருந்தது, காலையில் புதுசு வாங்கி மாற்றினேன். கெட்ட எண்ணம் இருக்கிறவன் புதுசு வாங்குவானா?

விளக்கணைந்ததும் ஒரு நடை போய்ப் பார்த்தேன். ஆ-யுவான் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அடுக்கிலிருந்த ஒரு மவுஸைத் தொட்டேன். வயிறு உப்பி, தட்டில் உட்காராமல் ஆடியது. பக்கத்தில் இருந்ததும் ஆடியது. அவன் சொன்னது சரிதான். அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, குளிர்காற்று அவன்மேல் அடிக்குமே என்று கதவைச் சாத்தினேன். வெளிச்சுவரில் இருக்கும் குமிழ்களைத் திருகிச் சூட்டையும் சார்ஜ் வேகத்தையும் கூட்டினேன். விற்பனை ஆட்கள் சொன்ன வேகம்தான், அதற்குமேல் இல்லை.

பிறகு என் மேஜையில் வந்து படுத்தேன்.

எங்கள் பிரிவில் ஓர் இயந்திர விரல் மவுஸ் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்கும், பொத்தான் எத்தனை நாள் உழைக்கும் என்று பார்க்க. அந்தச் சத்தத்தில்தான் தூங்கிப் பழக்கம். கொஞ்ச நேரத்தில் பக்கத்து மேஜை ஷூ-பின் தலையைத் தூக்கினாள்.

"சார், யாரோ தட்டுறாங்க."

"க்ளிக் மிஷின்மா. தூங்கு."

"ஒரே சீரா இல்லையே சார்."

"சீராயிடும்."

அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பெரியவர் சொன்னால் கேட்கிற பெண். அந்த இருட்டில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். ஒருவரும் நாற்காலியை இழுக்கவில்லை. அவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம், களைத்துப்போனவர்கள். கால் சூடாக்கும் ஹீட்டரை ஆ-யுவான் உள்ளே வைத்திருந்ததால்தான் சூட்டறையில் தீப்பிடித்தது என்று கம்பெனி சொன்னபோதும் அவர்கள் பேசவில்லை. நானும் பேசவில்லை. மவுஸ் குறித்த நாளில் கடைக்கு வந்தது.

படுத்திருந்தபோது சட்டைப்பையில் இருந்த கைப்பிடி விலாவில் குத்தியது. கொஞ்சம் புரண்டு படுத்தேன். அதற்குப் பிறகு க்ளிக் மிஷின் மட்டும்தான் கேட்டது, சீராக. பல மாதம் கழித்து அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

விளக்கு எரிந்ததும் முதல் ஆளாக எழுந்தவன் நான்தான். திருப்புளியைத் தேடி எடுத்துக்கொண்டு சூட்டறைக்குப் போனேன். தூங்கி எழுந்ததும் மாட்டித் தருவதாக அவனிடம் சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லை நான் தவறவிடுவதில்லை.