பலகைக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ

வெர்னன்: இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லு, மார்லா. பலகையை உன் தலை மறைக்குது.

மார்லா: அப்பா, போதும். சனிக்கிழமை காலையில, நான் வேலை பாக்கற பள்ளிக்கூட வாசல்லயே நிக்க வச்சு... யாராவது பாத்தா சிரிப்பாங்க.

வெர்னன்: சிரிக்கட்டுமே! டெக்சஸ்ல எத்தனை அப்பனுக்கு இந்தக் குடுப்பினை? என்ன எழுதியிருக்கு, சத்தமாப் படி.

மார்லா: "எச்சரிக்கை. மாணவர்களின் பாதுகாப்புக்காக இங்கே பணியாற்றும் சிலரிடம் துப்பாக்கி உண்டு." போதுமா? அந்த சிலர் யாருன்னு வெளிய தெரியக் கூடாதுங்கறதுதான் இதுல விதியே. நீங்க என்னடான்னா பக்கத்துல நிறுத்தி போட்டோ புடிக்கறீங்க.

வெர்னன்: நான் யாருகிட்ட வாயைத் தெறந்தேன்? காபிக் கடையில பேச்சு வந்தா மீசைக்குள்ள சிரிச்சுக்குவேன். அவ்வளவுதான்.

மார்லா: அது போதாதா? ஊருக்கே தமுக்கடிச்ச மாதிரிதான்! ஆமா, நான்தான்னு உங்களுக்கு யாரு சொன்னா?

வெர்னன்: சொல்லணுமா? ஷெரிஃப் ஆபீஸ்ல போலீஸ் வேலை பாத்தே தலை நரைச்சவன்டி நான். எப்பவும் கவுன் போடற பொண்ணு, திடீர்னு தொளதொளன்னு சட்டை போட ஆரம்பிச்சே. அப்புறம் பூசணித் திருவிழாவுல உன் வகுப்புக் குட்டிங்க ஓடி வந்துச்சுங்க. நீ சட்டுனு ஒதுங்கி, உள்ளங்கையை நீட்டி "இங்க தட்டு"ன்னே. இடுப்புல ஏதோ இருக்கறவதான் அப்படி ஒதுங்குவா.

மார்லா: ...அதை வேற பாத்தீங்களா.

வெர்னன்: பாத்துட்டு நெஞ்சு நிமிந்துச்சு. பன்னெண்டு வயசுல மாநிலத் துப்பாக்கி சுடற போட்டியில ஜெயிச்சவளாச்சே! நீ பரிசா வாங்கின கொக்கிதான் இன்னும் என் பெல்ட்டுல கெடக்கு, பாரு. எவனாவது துப்பாக்கியோட பள்ளிக்கூடத்துக்குள்ள பூந்தா, ஷெரிஃப் வண்டி அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிடும்.

மார்லா: நெசம்தான்பா. அதுக்காகத்தான் நானும் சம்மதிச்சேன்.

வெர்னன்: அப்ப சிரியேன்!

மார்லா: சிரிப்பு வரல. போனைக் கீழ இறக்குங்க. ஒண்ணு சொல்லணும்... நீங்க திட்டுவீங்க.

வெர்னன்: இறக்கிட்டேன். சொல்லு.

மார்லா: என் வகுப்புல ஈஸ்டன்னு ஒருத்தன். ஆறு வயசு. செவ்வாக்கிழமை முதல் பல்லு விழுந்துச்சு. பல்லைக் கையில வச்சுக்கிட்டு, "டீச்சர்! டீச்சர்!"னு ஓடி வந்தான்.

வெர்னன்: ம்.

மார்லா: இடுப்பைக் கட்டிக்க வந்தான்பா. அவன் தலை சரியா... அந்த இடத்துக்குத்தான் வரும். நான் நெத்தியில கையை வச்சு நிறுத்திட்டேன். தள்ளுன மாதிரியே ஆயிடுச்சு.

வெர்னன்: சின்னப் பய. மறந்துடுவான்.

மார்லா: மறக்கல. "நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்?"னு கேட்டான். பல்லை பாக்கெட்டுல போட்டுக்கிட்டு போய் உக்காந்துட்டான். யாருக்கும் காட்டவே இல்ல.

வெர்னன்: அடப் பாவமே, முதல் பல்லாச்சே.

மார்லா: அப்புறம்தான் கவனிச்சேன். அத்தனை பிள்ளைங்களும் என்கிட்ட வந்தா ஒரு கை தூரத்துல நின்னுக்குதுங்க. நான்தான் பழக்கியிருக்கேன். ஒருத்தன் வந்தா சுட்டுடுவேன்பா, கை நடுங்காது. ஆனா வராத ஒருத்தனுக்காக, தெனம் வர்ற பிள்ளைங்களை...

வெர்னன்: அதனால?

மார்லா: புதன்கிழமை திருப்பிக் குடுத்துட்டேன். துப்பாக்கி, உறை, எல்லாத்தையும். பயந்துட்டாள்னு ஊர் சொல்லும். சொல்லட்டும். நீங்க மட்டும் அப்படி நெனச்சுடாதீங்கப்பா. அந்தக் கொக்கியைக் கழட்டிடாதீங்க.

வெர்னன்: முட்டாப் பொண்ணே! மூணு நாளா போன்ல மழையைப் பத்தியும் மாட்டைப் பத்தியும்தான் பேசினே. நீயா சொல்லுவேன்னு காத்திருந்து பாத்தேன், வாயே தெறக்கல. அதான் பலகைகிட்டயே இழுத்துட்டு வந்தேன்.

மார்லா: என்னது? உங்களுக்கு... முன்னமே தெரியுமா?

வெர்னன்: புதன்கிழமை சாயங்காலமே ஹெட்மாஸ்டர் போன் பண்ணிட்டாரு. நீ கொக்கி ஜெயிச்ச அன்னிக்குக்கூட எனக்கு இவ்வளவு பெருமையா இல்ல. துப்பாக்கியை எடுக்க எல்லாருக்கும் தெரியும். சரியாச் சுடத் தெரிஞ்சவ ஒருத்தி, வேணாம்னு நேரா போய் வச்சுட்டு வந்தாளே... அவ என் மக.

மார்லா: அப்பா... போங்கப்பா, அழ வைக்காதீங்க. அது சரி, உங்களுக்கு எதுக்கு அவரு போன் பண்ணாரு? எனக்குப் பதிலா யாரையாவது எடுத்துட்டாங்களா?

வெர்னன்: யாருன்னு சொல்லக் கூடாதுங்கறதுதான் விதி. இந்தா, போனைப் புடி. இப்ப நான் பலகை பக்கத்துல நிக்கறேன்.

மார்லா: நீங்க எதுக்கு... ஐயோ, அப்பா! நீங்களா?

வெர்னன்: திங்கக்கிழமைலேர்ந்து வாசலுக்கு வெளிய நாற்காலி போட்டு உக்காரப் போறேன். நீ பழையபடி கவுனைப் போட்டுக்கிட்டு, வர்ற குட்டிங்களையெல்லாம் வாரிக் கட்டிக்க. இந்தக் கடுமூஞ்சிக் கிழவனை எவன் வந்து கட்டிக்கப் போறான்?