பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக்

நமது ஓட்டுநர் பயிற்சியாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, சட்டைப் பையில் சதுரமாகப் புடைத்திருக்கும் பெட்டியை வலக்கையால் மறைத்தபடியே புகையின் தீமை பற்றி இருபது நிமிடம் முழங்கி ஓய்ந்திருக்கும் தலைவர் அவர்களே. ஆயிரமாயிரம் பேருக்கு வண்டியோட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, அந்தப் பயத்தில் தாங்கள் மட்டும் நடந்தே வந்திருக்கும் மூத்த பயிற்சியாளர்களே. சொந்தக் கணவரிடமே ஓட்டக் கற்று உயிரோடும் உறவோடும் மீண்ட தாய்மார்களே. யார் முதலில் வெளியே நழுவுவது என்று கதவோரம் கண்ணாலேயே பேசிக்கொண்டிருக்கும் என் பழைய புகைத்தோழர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

‘புகையை வென்ற வீரர்’ என்று எனக்கொரு பாராட்டுப் பத்திரம் தந்திருக்கிறீர்கள். அறுபது நாள் என்று தங்க எழுத்தில் பொறித்து, கண்ணாடியும் போட்டிருக்கிறீர்கள். வீரன் யார்? படை கண்டு பதறாதவன். நான் யார்? மூலைக்கடை கண்டு பதறியவன். வீரன் எதிரியைத் தேடிப் போவான். நான் எதிரி இருக்கும் தெருவைத் தவிர்க்க, மூன்று தெரு சுற்றிப் போனவன். வீரத்தின் விலை இவ்வளவு இறங்கியிருப்பது எனக்குத் தெரியாது.

இருபத்தாறு ஆண்டுகள் பிடித்தேன். கண் திறக்க ஒன்று, மாணவர் வண்டியில் ஏறுமுன் ஒன்று, அவரும் நானும் முழுதாக இறங்கியதைக் கொண்டாட ஒன்று. ஒருநாள் எங்கள் மாடிப்படியில் பாதி ஏறி, மீதி ஏற மூச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்தார்; சொல்ல வேண்டியதைச் சொன்னார். என் மனைவி அழவில்லை, அரற்றவில்லை. மறுநாள் காலை பயிற்சிப் பள்ளிக்கு வந்தாள். வரிசையில் நின்றாள். என்னிடமே விண்ணப்பத்தை நீட்டினாள். அதில் ‘கற்க விரும்பும் காரணம்’ என்றொரு கட்டம் உண்டல்லவா? எல்லாரும் வேலைக்கு என்று எழுதுவார்கள். அவள் எழுதியிருந்தாள்: “கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக.”

முத்திரை குத்தினேன், நண்பர்களே. வேறென்ன செய்ய? படிவம் பிழையின்றி நிரப்பப்பட்டிருந்தது. அன்று மதியமே பெட்டியைக் குப்பையில் போட்டேன்.

விடு விடு என்று உலகமே சொல்கிறது. விட்டவன் என்ன ஆவான் என்று எவராவது சொல்கிறார்களா? தலை கனத்தது. தூக்கம் தொலைந்தது. என் கை என் பேச்சைக் கேட்காமல் சட்டைப்பைக்கும் உதட்டுக்கும் நடுவே தானாகப் போய்வந்தது. பிடித்தபோது அளவாக இருந்த இருமல், விட்டபிறகு விருந்தாளி போல வந்து தங்கிவிட்டது. பள்ளியிலிருந்த பென்சில்களின் பின்பக்கமெல்லாம் என் பல் பதிந்தது. ஆசை வந்தால் ஐந்து நிமிடம் தாக்குப்பிடியுங்கள், போய்விடும் என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ். அது பொய்யில்லை. போய்விடும். போய், பத்து நிமிடத்தில் தம்பியையும் அழைத்துக்கொண்டு திரும்பி வரும்.

இரண்டாம் நாள், ஒரு வங்கி ஊழியர் திரும்புவதற்காக இண்டிகேட்டர் போட்டார். அந்த டிக் டிக் என் மண்டைக்குள் அடித்தது. அணைக்கச் சொன்னேன். அணைத்தார். இண்டிகேட்டர் போடாமல் திரும்பியதற்காக அவரை அரைமணி நேரம் திட்டினேன். மறுநாள் மாணவர்கள் கூடி முதலாளியிடம் மனுக் கொடுத்தார்கள்: ஒன்று ஆசிரியரை மாற்றுங்கள், அல்லது அவருக்குப் பழைய பழக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள். முதலாளி இளகிய மனசுக்காரர். ஒரு புதுப் பெட்டியோடு வந்தார். “உடம்புக்குக் கெடுதல்தான் வாத்தியாரே. ஆனா நிர்வாகத்துக்கு நல்லது” என்றார்.

வாங்கவில்லை. கை தட்டாதீர்கள், கதை முடியவில்லை.

அன்று மாலை மனைவிக்கு நாலாவது பாடம். நம் இருக்கைக்குக் கீழே நமக்கென்று இரண்டாவது பிரேக் ஒன்று இருக்கிறதே, மாணவர் தடுமாறினால் நாம் மிதிக்க? மூலைக்கடை தெரிந்ததும் என் கால் அதை மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. தண்ணீர் வாங்கப் போவதாகச் சொன்னேன். முழுப் பாட்டில் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது. அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“சரி, இறங்குங்க. நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்.”

இறங்கினேன். வண்டி கிளம்பிவிட்டது. இரண்டாவது கியர் இன்னும் பழகாதவள், பக்கத்தில் ஆளில்லாமல், சாலையில். சட்டப்படி குற்றம்தான், உரிமம் வழங்கும் அதிகாரிகள் யாராவது இங்கே இருந்தால் தயவுசெய்து இதைக் கற்பனையாகக் கேளுங்கள். முன்னால் கடை. பின்னால் முதல் கியரில் கதறிக்கொண்டு போகும் என் குடும்பம். “அண்ணே, எப்பவும் எடுக்கறதுதானே?” என்று கடைக்காரர் பெட்டியை நீட்டியேவிட்டார்.

ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது நாகரிகத்துக்காக. சைக்கிள் வேகத்தில் போன காரை என்னால் பிடிக்க முடியவில்லை. விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு இருமினேன். தெருவைச் சுற்றி வந்து, கம்பத்துக்கு அரையடி முன்னால் வண்டியை நிறுத்தினாள்.

“வாங்கினீங்களா?”

“இல்ல.”

“அப்ப பெல்ட்டைப் போடுங்க.”

அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். மூன்றாவது முயற்சியில்தான் நான் பெல்ட்டை மாட்டினேன். வீடுவரை முதல் கியரிலேயே போனோம்.

அதற்குப் பிறகு தொடவே இல்லையா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். ஐயா, இதைக் கேட்க ஆளில்லாமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். முப்பத்தெட்டாம் நாள், ஓட்டுநர் தேர்வில் மனைவி தேறினாள். மகிழ்ச்சியில் ஒன்று பற்றவைத்தேன். துக்கத்துக்குத் தயாராக இருந்தவனை மகிழ்ச்சி வந்து கவிழ்த்தது. பாதியில் அணைத்தேன். வாயைக் கழுவினேன். வீட்டில் சொல்லவில்லை. சங்கத்திலும் சொல்லவில்லை. மறுநாள் மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

ஆகவே தலைவர் அவர்களே, இந்தக் கண்ணாடியைக் கழற்றி, அறுபதை அடித்துவிட்டு இருபத்திரண்டு என்று எழுதித் தாருங்கள். வீரர் என்ற சொல்லையும் எடுத்துவிடலாம், இடம் மிச்சமாகும். வெல்வதா? யார் வென்றார்கள்? விழுந்த மறுநாள் ஒன்று என்று எண்ணினேனே, என்னிடம் பாராட்ட ஏதாவது இருந்தால் அந்த ஒன்றைப் பாராட்டுங்கள். முதல் ஒன்றைவிட இரண்டாம் ஒன்று கனமானது, தோழர்களே!

இந்தப் பாதி சிகரெட் கதையை என் மனைவியும் உங்களோடு சேர்ந்து இப்போதுதான் கேட்கிறாள். முன்வரிசையில் எழுந்து நிற்கிறாள். கையில் கார் சாவி. கோபத்தில் தனியாகக் கிளம்புகிறாளா, என்னையும் வரச் சொல்கிறாளா, இந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. எதுவானாலும் நான் இப்போதே ஓடியாக வேண்டும். இந்த முறை பிடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், புகையை மறந்து இதுவரை கதவோரமே நின்ற தோழருக்கும் நன்றி கூறி, படியிறங்கிக்கொண்டே வணங்குகிறேன்.