யுவர்ஸ் ஒபீடியன்ட்லி

இல்ல டீச்சர், நான் நின்னுக்கிட்டே பேசுறேன். இந்த பெஞ்சுல உக்காந்தா முட்டி மேசையில இடிக்குது. பத்தாங் கிளாஸ் புள்ளைங்க நாள் முழுக்க எப்படித்தான் இதுல மடங்கிக் கெடக்குதுங்களோ. எம்பொண்ணு எங்க உக்காருவா? ஜன்னல் ஓரமாவா? அங்கதான் மரத்து எலையெல்லாம் உள்ள வந்து உழுந்து கெடக்கு. கூட்ட மாட்டாங்களா? சரி விடுங்க.

பத்தொம்பது நாள்னு சொன்னீங்க. இந்தப் பருவம் ஆரம்பிச்சதுலேருந்து பத்தொம்பது நாள் அவ வரல, இதுக்கு மேல போனா அரையாண்டுப் பரீட்சை எழுத விட மாட்டாங்க, பேரை அடிச்சுடுவாங்க. புரியுது. நான் என்ன கேக்குறேன்னா, அதுல ஒரு பத்து நாள் வந்த மாதிரி போட்டுக்கோங்க. சரி, பத்து வேணாம், எட்டு. மிச்சத்துக்கு அவ சனிக்கெழமை சனிக்கெழமை வந்து உக்காரட்டும். என்னது? அப்படியெல்லாம் போட முடியாதா. ஏழு?

கோவப்படாதீங்க. வாய் பழகிப்போச்சு. நான் பழைய ஃபேன், மோட்டார், தையல் மெஷின் எல்லாம் வாங்கி, பழுது பாத்து விக்கிறவன். எனக்குப் பள்ளிக்கூடம் மூணாங் கிளாசோட சரி, மிச்சமெல்லாம் ரோட்டுல ஒதை வாங்கிக் கத்துக்கிட்டது. ஒரு மோட்டாரைக் காதுகிட்ட வெச்சு ஒரு சுத்து சுத்தினா உள்ள காயில் கம்பி கருகியிருக்கா இல்லியான்னு சொல்லிடுவேன். என்னை ஏமாத்த ஒருத்தன் பொறந்து வரணும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன்.

அவளை எதுக்கு டீச்சர் கூட்டிட்டு வரணும்? அதான் அப்பன் வந்திருக்கேனே.

லீவு லெட்டரெல்லாம் அதுதானா? குடுங்க. ஆமா, இது என் கையெழுத்துதான். இதுவும். இதுவும் நான் போட்டதுதான், இந்த கிரீஸ் கறைகூட என்னோடது. என்னன்னு தெரியாம போட்டேன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. சாயங்காலம் கடைக்கு வருவா. அப்பா, இங்கிலீஷ் கிளாசுல கடிதம் எழுதச் சொல்லியிருக்காங்க, வீட்டுப்பாடம், கீழ அப்பா கையெழுத்து வேணுமாம்னு நீட்டுவா. படிச்சுக் காட்டுடின்னுவேன். படிப்பா பாருங்க, குழாயத் தொறந்துவிட்ட மாதிரி. கடைக்கு வந்தவங்க வேலையை விட்டுட்டுக் கேப்பாங்க. அர்த்தம் என்னடின்னு கேட்டா, என் அப்பா நேர்மையான வியாபாரின்னு எழுதியிருக்கேன்பா அப்படிம்பா. எனக்கு இன்னும் ரெண்டு தடவை கையெழுத்துப் போடலாமான்னு இருக்கும்.

இப்ப நீங்க படிச்சுச் சொல்றீங்க, அம்மாவுக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு இடுப்பு வலி, அம்மா மாடிப்படியில உழுந்துட்டாங்கன்னு. எங்க வீட்டுல மாடியே கெடையாது டீச்சர். நீங்க திங்கக்கெழமை போன் பண்ணி, இப்ப உடம்பு தேவலையாம்மான்னு கேட்டீங்களே, எனக்கென்ன கேடு, நல்லாத்தானே இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சுட்டா அவங்கம்மா. வெச்சதுக்கப்புறம்தான் அவளுக்கே உறைச்சுது.

இந்த ஒண்ணுல கடைசி வரியை அடிச்சிருக்கு பாருங்க. அது என் வேலை. ஒரு நாள், என் கையெழுத்துக்கு மேல எப்பவும் ஒரே வரி வருதே, அது என்னடின்னு கேட்டேன். யுவர்ஸ் ஒபீடியன்ட்லி, உங்கள் கீழ்ப்படிதலுள்ளன்னு அர்த்தம்பான்னா. எனக்கு வந்துச்சே கோவம். நான் எவனுக்குடி கீழ்ப்படிஞ்சேன், அடிடீ அதைன்னு பேனாவைப் புடுங்கி நானே அடிச்சுட்டேன். அவ சிரிச்சா. அது நீ இல்லப்பா, நான்னா. கீழ்ப்படியறது நான்தான், நீ சும்மா பக்கத்துல கையெழுத்துப் போடுறவன்னா. இந்தப் பருவத்துல அவ சிரிச்சு நான் பாத்தது அன்னிக்கு ஒரு நாள்தான்.

ஏன் வரலன்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க? நானும் உங்களைத்தான் கேக்க வந்தேன். ஆனா நேத்து அவ சிநேகிதிப் பொண்ணைப் புடிச்சுக் கேட்டுட்டேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா, பருவம் ஆரம்பிச்ச மொத வாரம், நீங்க திருத்தின சயின்ஸ் பேப்பர் குடுத்துக்கிட்டு இருந்தப்ப நான் உள்ள வந்தேனே. அவளுக்கு முப்பத்தி நாலு மார்க். ஒண்ணு போட்டா பாஸ். இதே ரூம்ல, இந்தக் கரும்பலகைக்கு முன்னாடி நின்னு, ஒரு மார்க்குதானே டீச்சர், உங்க வீட்டுலேருந்தா குடுக்கப்போறீங்க, ஒரு கோடு கோணலா இருந்தா நிமித்திப் போடுங்கன்னு அரை மணி நேரம் நின்னேன். அரை மார்க் போடுங்க, மீதி அரையை அடுத்த பரீட்சையில கழிச்சுக்கோங்கன்னுகூட சொன்னேன். நாப்பது புள்ளைங்களும் சிரிச்சுது. எனக்கு அது தெம்பா இருந்துச்சு. கூட்டம் சிரிச்சா பேரம் படிஞ்சிடும், எங்க தொழில்ல அப்படித்தான். நீங்களும் தொல்லை விட்டாப் போதும்னு போட்டீங்க. ராத்திரி சாப்புடும்போது எப்படி முடிச்சேன் பாத்தியாடின்னு அவகிட்ட பெருமை வேற. அவ தட்டை நகத்தால கீறிக்கிட்டு இருந்தா.

மறுநாள்லேருந்து அவளுக்குப் பேரு பேரம். ஏ பேரம், இங்க வா. பேரம், இந்தக் கேள்விக்கு எவ்வளவு கேக்குற. நீங்க பாடம் படிக்கச் சொல்லி அவ எந்திரிச்சா, பின்னாடியிலேருந்து எவனோ, ஒரு வரி கொறைச்சுக்கக் கூடாதாம்பானாம். உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சிருக்காது. எனக்கே தெரியாதே. ஊர் லைப்ரரியில போய் உக்காந்திருக்கா அத்தனை நாளும். அங்க உள்ளவர் சொன்னார், நல்லாப் படிக்கிற பொண்ணுங்க, சத்தமே வராதுன்னு.

திங்கக்கெழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கா, அது மட்டும்தான் தெரியும். கத்தினேன். எங்கெங்க சுத்துனன்னு கேட்டேன், கேக்கக் கூடாத மாதிரி கேட்டேன். அவங்கம்மா குறுக்க வந்து நின்னா. இனிமே உனக்குப் பள்ளிக்கூடம் கெடையாது, கடையில வந்து உக்காருன்னுட்டேன். அவ எதித்துப் பேசியிருந்தா நானும் எறங்கி வந்திருப்பேன் டீச்சர். எதிர்ல ஆளே பேசலன்னா எனக்கு எப்படி எறங்குறதுன்னு தெரியாது.

திரும்பத் திரும்ப அதையே சொல்றீங்க. பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, அவளே எழுதிக் குடுக்கட்டும், ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிப் பாக்குறேன்னு. கூட்டிட்டு வந்தா பேரை அடிக்க மாட்டீங்க, அப்படித்தானே. நல்ல பேரம்தான். என்கிட்ட குடுக்கத்தான் ஒண்ணுமில்ல.

அவ செவ்வாக்கெழமை காலையில யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுப் போனா. நான்கூட, நான் சொன்னதை மீறிப் பள்ளிக்கூடம் போறா பாரு கழுதைன்னு உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன். இன்னிக்கு வியாழன்.

காணோம்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாச்சு. ஏதாவது லெட்டர் வெச்சுட்டுப் போனாளான்னு கேட்டாங்க. இல்லன்னுட்டேன். இதோ, பையிலதான் இருக்கு. கடையில தராசுக்கு அடியில சொருகியிருந்தா. இங்கிலீஷ். எனக்கும் அவங்கம்மாவுக்கும் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சேதான் எழுதியிருக்கா. வேற எவன்கிட்டயும் நீட்ட எனக்கு மனசு வராதுன்னும் அவளுக்குத் தெரியும். நான் இங்கதான் வந்து நிப்பேன்னும் தெரிஞ்சிருக்கும்.

எனக்கு இங்கிலீஷ்ல அந்த ஒரு வரிதான் அடையாளம் தெரியும் டீச்சர். மொத எழுத்து கவட்டைக் குச்சி மாதிரி இருக்கும். ரெண்டு நாளா இந்தத் தாளை முன்னயும் பின்னயும் திருப்பித் தேடிட்டேன். அந்த வரி இதுல இல்ல.

மிச்சத்தை நீங்க படிங்க. எதையும் கொறைக்காம சொல்லுங்க.